ஔடத தானமும் குடும்ப மருத்துவரும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'நால்வகைத் தானங்கள்' என்பது. அரை மணி நேரத்தில் நான்கையும் தொட்டுச் செல்வதைக் காட்டிலும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று நின்று பேசுவது நலம் என்று எனக்குத் தோன்றியது. நம் அறக்கட்டளையின் மருத்துவ நிதியை எவ்வாறு செலவிடுவது என்னும் வினா வரும் பொதுக்குழுவில் எழவிருக்கிறது. ஆகவே ஔடத தானத்தைப் பற்றியே பேச இசைவு வேண்டுகிறேன்.

ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்பன நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தவை. ஆகார தானத்துக்கு அட்சய திருதியை உண்டு. ரிஷப தேவருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்த நாள் அது. சாத்திர தானத்துக்குச் சுருத பஞ்சமி உண்டு. ஔடத தானத்துக்கென்று நாம் தனியே கொண்டாடும் நாள் எதுவும் இல்லை. அதனாலேயோ என்னவோ, ஆண்டுக்கு ஒரு முறை பந்தலிட்டு, பதாகை கட்டி, இலவச மருத்துவ முகாம் ஒன்றை நடத்திவிட்டால் அக்கடன் தீர்ந்தது என்று கருதி வந்திருக்கிறோம்.

முகாமை நான் பழிக்கவில்லை. அதற்காக உழைக்கும் இளைஞர்களை நன்கு அறிவேன். ஆயினும் நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். முகாமில் ஒருவருக்குச் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிகிறது. சீட்டு ஒன்றில் அளவு எழுதித் தரப்படுகிறது. சில நாளைக்கு மாத்திரையும் கிடைக்கிறது. அதன்பின்? அடுத்த ஆண்டு அதே மனிதர், அதே வரிசையில் நிற்கிறார். சென்ற ஆண்டின் சீட்டு அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முகாம் நாளன்று வந்து மறுநாள் விடைபெறும் விருந்தினர் அல்ல. அவை ஆண்டு முழுவதும் உடன் வாழ்பவை. அவற்றை எதிர்கொள்ள, ஆண்டு முழுவதும் உடன் நிற்கும் ஒருவர் வேண்டும். அவரைத்தான் நம் பெற்றோர் 'வீட்டு டாக்டர்' என்றனர். இன்று குடும்ப மருத்துவர் என்கிறோம்.

அவருடைய பணியை விளக்க இலக்கணம் தேட வேண்டியதில்லை. நான் பணியாற்றிய ஓர் ஊரில் முதிய மருத்துவர் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்று ஒரு மாணவனை அவன் தந்தை அழைத்துச் செல்வார். மூன்றாம் முறை சென்றபோது மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, சீட்டு எழுதாமல், "திங்கட்கிழமை உனக்கு எந்த வகுப்புத் தேர்வு?" என்று கேட்டார். கணக்கு என்றான். "மருந்து என்னிடம் இல்லை, கணக்கு வாத்தியாரைப் போய்ப் பாருங்கள்" என்று தந்தையிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பையனின் பாட்டனார் காலத்திலிருந்து அக்குடும்பத்தை அறிந்தவர் அவர். அன்று எந்த ஊடுகதிர்ப் படமும் எடுக்கப்படவில்லை. கட்டணம் வாங்கினாரா என்பதும் ஐயமே.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நினைவுகூர்க. பத்துக் குறள்களில் இறுதி மூன்றே மருத்துவன் செயலைக் கூறுவன. முன்னவற்றுள் பெரும்பகுதி உணவைப் பற்றியது. மருத்துவன் கருத வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போதும் நோயுற்றவனின் நிலையே முதலில் வைக்கப்படுகிறது. நோயின் அளவும் காலமும் அதன் பின்னர் வருகின்றன. மனிதனை முதலில் அறிந்து நோயை அடுத்து அறிபவரே குடும்ப மருத்துவர் என்று இதைக் கொண்டு நான் பொருள் செய்துகொள்கிறேன்.

நம் சமயத்தாருக்கு மருத்துவத்தோடுள்ள உறவு இன்று நேற்றையது அன்று. மாக்காயனாரின் மாணாக்கர் இருவரும், காரியாசானும் கணிமேதாவியாரும், தம் அறநூல்களுக்கு இட்ட பெயர்கள் மருந்துகளின் பெயர்கள்: சிறுபஞ்சமூலம், ஏலாதி. (கந்தமூலத்தை விலக்கும் மரபினர் நூலுக்கு ஐந்து வேர்களின் பெயரைச் சூட்டியதை எண்ணி நான் வகுப்பில் பலமுறை நகைத்ததுண்டு.) உக்ராதித்தர் வடமொழியில் 'கல்யாணகாரகம்' என்னும் வைத்திய நூலை இயற்றினார். ஊனும் மதுவும் தேனும் சேராமலே நோய் தீர்க்க இயலும் என்று நிறுவிய நூல் அது. ஊன் மருந்தாகாது என்பதை இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் அவர் வாதிட்டதாகவும் அந்நூல் காட்டுகிறது.

எனினும் இவற்றினும் மேலாக நான் உங்கள் கருத்துக்குக் கொண்டுவர விழைவது தத்துவார்த்த சூத்திரம் கூறும் அகத்தவம் ஆறனுள் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தவங்களை. ஒன்று வையாவிருத்தியம்: நோயுற்ற, முதிர்ந்த, தளர்ந்த துறவோர்க்குப் பணிவிடை செய்தல். அதை அடுத்து வருவது சுவாத்தியாயம்: இடையறாக் கல்வி. பணியும் கல்வியும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றன. குடும்ப மருத்துவரின் வாழ்வு இவ்விரண்டாலும் ஆனது. கல்லாத பணி நாளடைவில் தீங்காகும். பணியில்லாத கல்வி சுவரில் தொங்கும் சட்டமிட்ட பட்டமாகவே நின்றுவிடும்.

இவர்கள் எங்கே போனார்கள்? இந்தச் சமவெளியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986 முதல் இயங்குகிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்துவிட்டது. தனியார் மருத்துவமனைகளோ சாலைதோறும் எழுந்துள்ளன. இருதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று கிடைக்கிறார்கள். ஆனால் இருதயமும் சிறுநீரகமும் மூட்டும் ஒரே உடலில் உள்ள ஒரே பாட்டியைப் பார்ப்பவர் யார்? மூவர் எழுதிய மூன்று சீட்டுகளையும் ஒருங்கே வைத்து, இதில் இரண்டு மாத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று சொல்பவர் யார்?

இந்நாடு இதனைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்தது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, மக்களிடையே வாழ்ந்து நோய் வருமுன் காக்கும் ஓர் அடிப்படை மருத்துவரையே மருத்துவக் கல்வியின் நோக்கமாக வைத்தது. பின்னர் நடந்தது வேறு. இன்றுள்ள காப்பீட்டுத் திட்டங்களை நோக்குங்கள். ஏழைக்கு அறுவை செய்ய அவை பெருந்துணை, அதில் ஐயமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பின்னர்ச் செய்யும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அந்தப் படுக்கை தேவைப்படாமல் பத்தாண்டுகள் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கு எந்தக் காப்பீடும் எதுவும் தருவதில்லை. கால் விரலை வெட்டுவதற்குத் தொகை உண்டு. வெட்டாமல் காத்ததற்கு இல்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. கசப்பானாலும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்ணோ பையனோ எம்.பி.பி.எஸ். முடித்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து என்ன பி.ஜி.?" என்பதே. "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று ஒரு சொற்றொடரையே உண்டாக்கி வைத்திருக்கிறோம். ஐந்தரை ஆண்டுகள் கற்ற ஒரு கல்வியின் முன்னே 'வெறும்' என்னும் அடைமொழியைச் சேர்க்க நமக்கு மனம் எவ்வாறு துணிந்தது? திருமணப் பேச்சிலும் அந்த அடைமொழி வந்து நிற்கிறது. இவ்விழா மேடையில் நாம் பொன்னாடை போர்த்திய மருத்துவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் பெருநகரத்துச் சிறப்பு மருத்துவர்கள். அவர்கள் சிறப்புக்குரியவர்களே. ஆனால் ஆத்தூரிலோ பரமத்தி வேலூரிலோ மாலைதோறும் அறுபது பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு நாம் இதுவரை ஒரு நாற்காலி போட்டதில்லை.

நம் குடும்பங்களுக்கு இவர் ஏன் இன்றியமையாதவர் என்பதற்குப் பொதுவான காரணங்களைச் சொல்லி நேரம் போக்க மாட்டேன். நம் வாழ்முறைக்கே உரிய சிலவற்றைச் சொல்கிறேன்.

நம்மில் பலர் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. நகரத்து மருத்துவர் நீரிழிவுக்கு எழுதித் தரும் சீட்டில் 'இரவு உணவுக்கு முன்' என்று இருக்கிறது. அவர் மனத்திலுள்ள இரவு உணவு ஒன்பது மணிக்கு. நம் பெரியவர் ஆறு மணிக்கு முன்பே உண்டு முடித்தவர். சீட்டில் உள்ளபடி ஒன்பது மணிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால், மேலே உணவு இல்லாததால் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும் நிலைக்கும் போகலாம். தசலட்சண பர்வத்தின் பத்து நாளும் ஒரு வேளை உண்போர்க்கும், நீரும் பருகாது நோன்பிருப்போர்க்கும் இது இன்னும் கூர்மையான இடர். குறிப்பாகக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருப்பவை. நோன்பைக் கைவிடச் சொல்லும் மருத்துவர் நமக்கு வேண்டாம். மருந்தைத் தாமே நிறுத்திக்கொள்ளும் துணிவும் நமக்கு வேண்டாம். நோன்புக்கு ஒரு வாரம் முன்னரே போய் அமர்ந்து, எந்த நாள் எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, எந்த நிலையில் நோன்பை நிறைவு செய்துவிடுவது என்று பேசித் தெளிய ஒருவர் வேண்டும். நம் நோன்பு இன்னதென்று அறிந்தவராலேயே அது இயலும்.

அடுத்தது, பி12 என்னும் உயிர்ச்சத்து. அது இயற்கையில் விலங்கு வழி உணவுகளிலேயே கிடைப்பது. நமக்குப் பாலும் தயிருமே அதன் வாயில். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக உட்கொள்ளும் மெட்பார்மின் மாத்திரையோ, உடல் அச்சத்தை ஈர்ப்பதைக் குறைக்கும் இயல்புடையது. ஆக, பாலும் குறைத்து, மெட்பார்மினும் உண்ணும் நம் முதியவர்க்கு உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தால், "சர்க்கரைதான், வேறென்ன?" என்று விட்டுவிடக் கூடாது. பி12 குறைவாகவும் இருக்கலாம். மறதியும் சோர்வும்கூட அதனால் வரலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்; தீர்வும் எளிது. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் மருத்துவருக்கே இது தோன்றும். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கின் ஜெலட்டினால் ஆனது என்பதால் அதை விழுங்கத் தயங்கி, மருத்துவரிடம் சொல்லவும் கூசி, வாங்கிய மருந்தை அலமாரியில் வைத்துவிடும் சிராவகியரை நான் அறிவேன். அதே மருந்து மாத்திரை வடிவிலோ தாவர உறையிலோ கிடைக்குமாயின் மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். கேட்க நமக்கு உரிமையுள்ள ஒருவர் எதிரே இருக்க வேண்டும்.

மூன்றாவது, இறுதிக் காலம். சல்லேகனை பற்றி 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்விரதம் ஆசாரியர் வழிகாட்டலில் மேற்கொள்வது. மருத்துவர் அதில் தலையிடுவதற்கில்லை. நான் சொல்வது வேறு. அத்தகைய விரதம் ஏற்காத எளிய முதியவர் பலரும், தம் இறுதி நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் அன்றி, தம் வீட்டுக் கட்டிலில், பஞ்ச நமஸ்காரம் செவியில் விழ, உயிர் பிரிய வேண்டுமென்று விரும்புகின்றனர். அந்த விருப்பத்தை நிறைவேற்ற முடியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதற்குக் காரணம் பல சமயம் பாசம் அன்று, அச்சம். மூச்சுத் திணறினால் என்ன செய்வது, வலி வந்தால் யாரை அழைப்பது, வீட்டில் இறந்தால் யார் சான்று தருவார்? வீட்டில் நேரும் இறப்புக்குக் காரணம் குறிக்கும் படிவம் 4ஏ, இறுதி நோயில் அவரைக் கவனித்து வந்த மருத்துவர் ஒப்பமிட வேண்டியது. கவனித்து வந்த மருத்துவரே இல்லாத வீட்டில் அந்தத் தாளுக்கும் அலைச்சல். வலியையும் திணறலையும் தணிக்கும் மருந்துகளை அறிந்து, "நான் இருக்கிறேன், இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லும் ஒரு மருத்துவர் அபய தானமும் ஔடத தானமும் ஒருங்கே செய்கிறார்.

இனி, அவர் கற்க வேண்டியதைப் பற்றி. மருத்துவர் தொழில் நெறிமுறை குறித்த 2002ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுகளுக்கு 30 மணி நேரமேனும் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. கணக்கிட்டால் ஆண்டுக்கு 6 மணி. எங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு வாரத்தில் ஒதுக்கிய நேரம் ஏறத்தாழ அவ்வளவு! அதையும் பெருநகரத்து விடுதியில், குளிரூட்டிய அரங்கில், விருந்துக்கு முன்னதாக நிகழும் சொற்பொழிவால் நிரப்பிவிட முடியும். மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறலாகாது என்று 2009இல் விதியைத் திருத்த வேண்டி வந்ததே, நிலை எங்கே போயிருந்தது என்பதைக் காட்டும்.

சுவாத்தியாயத்துக்கு நம் ஆசாரியர்கள் ஐந்து வகை சொன்னார்கள்: வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்நாயம், தர்மோபதேசம். படித்தல், ஐயம் கேட்டல், உள்ளத்தில் புரட்டிப் பார்த்தல், பிழையற மீண்டும் ஓதுதல், பிறர்க்கு உரைத்தல். மேற்சொன்ன அரங்கில் முதலாவது மட்டும் அரைகுறையாக நிகழ்கிறது. ஐயம் கேட்டல் அங்கே அரிது. தனித்து நடத்தும் கிளினிக்கில் இருபது ஆண்டு இருப்பவர்க்கு, "இந்த நோயாளியிடம் நான் செய்தது சரிதானா?" என்று கேட்க ஆள் இல்லை. சிறப்பு மருத்துவரிடம் கேட்டால் மதிப்புக் குறையுமோ என்ற கூச்சம். ஆகவே கேட்பதற்குப் பதில் அனுப்பிவிடுகிறார். நோயாளியும் பேருந்து ஏறுகிறார்.

இதற்கு நம் வடதமிழகத்திலேயே நல்ல விடை ஒன்று பிறந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நாம் எல்லோரும் அறிவோம். நம் முன்னோர் ஊர்களுள் ஒன்றான திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பெண்கள் மகப்பேற்று உதவியின்றி இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அது. அக்கல்லூரி 2006இல் குடும்ப மருத்துவத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தொலைநிலை வழியில் தொடங்கியது. படிப்பவர் தம் கிளினிக்கை மூட வேண்டியதில்லை. ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அச்சிட்ட பாடங்களை வீட்டிலிருந்து படிக்கிறார். இடையிடையே நேர்முக வகுப்புக்குச் சென்று நோயாளிகளை ஆசிரியரோடு அமர்ந்து பார்க்கிறார். பிறரிடம் அனுப்புவதைக் குறைத்து, தாமே தீர்ப்பதைப் பெருக்குவது அம்முயற்சியின் முழக்கம். முப்பதாண்டு அனுபவமுள்ளவரும் மீண்டும் மாணவராகும் இவ்வேற்பாட்டை ஒரு பழைய ஆசிரியன் என்ற முறையில் நான் பெரிதும் மதிக்கிறேன். முழு நேரம் படிக்க விழைவோர்க்குத் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் மூன்றாண்டுப் படிப்பாக உள்ளது. 'வெறும்' என்னும் சொல்லை இனியேனும் விட்டுவிடலாம். குடும்ப மருத்துவமும் ஒரு பி.ஜி.தான்! இந்திய மருத்துவச் சங்கத்தின் பொது மருத்துவர் கல்லூரி, 2010இல் தோன்றிய இந்தியக் குடும்ப மருத்துவர் கழகம் முதலியவையும் இத்துறையில் உழைக்கின்றன. உலகக் குடும்ப மருத்துவர் நாளாக மே 19ஐ உலக அமைப்பு கொண்டாடி வருகிறது.

பணியைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு போதும். அது நமக்கு அண்மையிலேயே, தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மருத்துவர் ரெஜி, மருத்துவர் லலிதா என்னும் இணையர் 1993இல் அங்கே குடியேறி, ஓலைக் குடிசை ஒன்றில் மருத்துவம் தொடங்கினர். குழந்தை இறப்பு மிக மலிந்திருந்த மலைப்பகுதி அது. அவர்கள் செய்த செயல்களுள் என்னை மிகவும் கவர்ந்தது கட்டடம் அன்று. அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர்நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். மருத்துவர் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்குக் கற்பித்துவிட்டார். சுவாத்தியாயத்தின் ஐந்தாம் வகை இதுவே. பின்னர், நோய்க்குக் காரணம் வறுமை என்று கண்டு இயற்கை வேளாண்மைக்கும், இலம்பாடிப் பெண்களின் பூவேலைக்கும் துணை நின்றார்கள். மருத்துவம் எங்கே முடிகிறது, வாழ்வு எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

அரசும் இவ்வழியில் ஓரடி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. (ஊர்ப் பெயரைக் கேட்டதும் நம் செவிகள் நிமிர்கின்றன. ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு உரிமை கொண்டாடுவது தமிழாசிரியனுக்கு அழகன்று, விட்டுவிடுவோம்.) தன்னார்வப் பெண்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையானவர்க்கு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் செவிலியமும் வீட்டுக்கே வருகின்றன. நம் குடும்பத்தார் சிலர் 'அது இல்லாதவர்க்கு' என்று ஒதுங்குகின்றனர். ஒதுங்கத் தேவையில்லை. ஆயினும் மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் அதை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய ஒரு மருத்துவரின் அறிவு வேண்டும்.

நம்மைச் சூழ வாழ்வோரையும் எண்ண வேண்டும். அறக்கட்டளையின் முகாமுக்கு வருவோருள் மிகுதியானோர் நம் சமயத்தார் அல்லர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியில் வட மாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத தொழிலாளர், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுவோர், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியின் இரைச்சலில் செவி மந்தமானோர், செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்துப் புகையை உள்ளிழுப்போர். லாரி ஓட்டுநரிடம் "நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ணுங்கள்" என்று எழுதித் தருவது மருத்துவம் ஆகாது. எந்த ஊர்த் தாபாவில் எந்த நேரத்தில் என்ன கிடைக்கும் என்பதைக் கேட்டு அதற்கேற்ப மருந்தை வகுப்பதே மருத்துவம். இதைப் பாடநூல் சொல்லாது. இந்த மண்ணில் இருக்கும் குடும்ப மருத்துவர்கள் தாம் கண்டதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டால் மட்டுமே இவ்வறிவு சேரும்.

பொதுக்குழுவின் முன் வைக்க விழைவன இவை. ஆண்டு முகாமின் செலவில் ஒரு பகுதியை எடுத்து, இராசிபுரம், ஆத்தூர் போன்ற ஊர்களில் தங்கிப் பணியாற்ற உடன்படும் இளம் மருத்துவர் ஒருவருக்கோ இருவருக்கோ குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பின் கட்டணத்தை நாம் ஏற்கலாம். அவர் நம் சமயத்தவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் மாறுபடுவோர் உண்டு என்பதையும் அறிவேன். முகாமை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, அதே மருத்துவர், அதே மண்டபம் என்று மாற்றலாம். வருவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பேடு தருவோம். நோய், மருந்து, ஒவ்வாமை, நோன்பு வழக்கம், உண்ணும் நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். வழவழப்பான அட்டையும் நம் படங்களும் அதற்கு வேண்டா.

இன்னொன்று, சுற்று வட்டார மருத்துவர்கள் இரு மாதங்களுக்கு ஒரு முறை கூடித் தம் ஐயங்களைப் பேச நம் மண்டபத்தைக் கட்டணமின்றித் தருவது. மருந்து நிறுவனத்தின் பதாகையோ விருந்தோ அங்கே இருக்கலாகாது. காபியும் சுண்டலும் நம் மகளிர் குழுவினர் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேலம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை ஒவ்வொரு முறையும் ஐயம் தீர்க்க அழைக்கலாம். ஆனால் முதலில் பேச வேண்டியவர் சிற்றூரிலிருந்து வந்த மருத்துவர்.

முதற் கூட்டத்தைத் தசலட்சண பர்வத்துக்கு முன்னரே வைத்துக்கொள்வது நலம். பேசுபொருளும் ஆயத்தமாக உள்ளது: நோன்பும் நீரிழிவும். நம் முதியோருள் விருப்பமுள்ள சிலர் தம் சீட்டுகளோடும் தம் உண்ணும் நேரக் குறிப்போடும் அன்று வந்து அமர்ந்தால், மருத்துவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வர இசைவோரும், தம் ஊரில் அறிந்த மருத்துவரை அழைத்துவர இயல்வோரும் இன்று உணவுக்குப் பின் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். அவர் கையில் நோட்டு இருக்கிறது.